மூன்றாம் தொட்டியின் சொந்தபந்தங்கள்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் மூன்றாம் தொட்டியில் வசித்த பாக்டீரியாக்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆளுக்கொரு கொண்டைக்கடலை அளவுக்கு வளர்ந்துவிட்டன. கழிவுநீரிலுள்ள அம்மோனியாவைத் தின்று, மீனுக்குக் கேடில்லாததாக மாற்றுவது அவற்றின் பிழைப்பு. வளர்ந்த பிறகும் அன்று முழுக்க ஒழுங்காகவே வேலை செய்தன.

நிலையத்தின் இயக்குநர் உருவத்தை வைத்து பாக்டீரியாவை வகைப்படுத்துவதில் புலி என்று பெயர் எடுத்தவர், அந்தப் பெயரைக் கொடுத்ததும் அவரே. நுண்ணோக்கி இல்லாமலேயே தெரிகிறதே என்ற பூரிப்பில், மறுநாள் எல்லாவற்றையும் வடிகட்டி, கோல், உருண்டை, சுருள், மடல் என்று நான்கு பீப்பாய்களில் பருப்பு புடைப்பதுபோலப் பிரித்துப் போட்டார். பிரித்த கணமே அவை சாப்பிடுவதை நிறுத்திவிட்டன. அம்மோனியா நெடியில் ஊரே துக்கமில்லாமல் அழுதது. கழிவுநீர் போய்ச் சேரும் குளத்தில் மீன்கள் வாயை வாயைத் திறந்தன. ஒரு மீன் செத்தாலும் இயக்குநர் வேலையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். துணை இயக்குநர் அவருடைய நாற்காலிக்கு மெத்தை தைக்க அளவெடுத்தே விட்டார்.

அங்கே மரபணு ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவள் இயக்குநரின் மனைவியுடைய தங்கை. மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"அத்தான், சுருளும் மடலும் ஒரு வயித்துப் பிள்ளைங்க. மரபணுவப் பாத்துட்டுத்தான் சொல்றேன். சொந்தத்தப் பிரிச்சதாலதான் சாப்பிட மாட்டேங்குதுங்க."

"ஒண்ணு ஸ்பிரிங் மாதிரி இருக்கு, ஒண்ணு முட்டைக்கோஸ் மாதிரி இருக்கு. எந்த ஊர்ல இதுங்க சொந்தம்?"

"உங்க தம்பிக்குத் தலை நிறைய முடி. அவரு உங்களுக்குச் சொந்தம் இல்லையா?"

இயக்குநர் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

"எல்லாத்தையும் தொட்டியிலயே கொட்டுங்க அத்தான். யாரு யாருக்கு என்ன வேணும்னு அதுங்களுக்குத் தெரியும்."

கொட்டுவது என்றால் தோற்றதாக ஒப்புக்கொள்வது. குளத்தில் ஒரு மீன் மல்லாந்ததாகச் செய்தி வந்ததும் இயக்குநர் சட்டைக்கையை மடித்து, பீப்பாய்களைத் தானே உருட்டிப்போய்க் கவிழ்த்தார். சுருளும் மடலும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டன. உருண்டைகளில் ஒரு வகை, மற்ற உருண்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கோல்களின் நடுவே போய் உட்கார்ந்தது. யாருக்கு யார் சொந்தம் என்று மச்சினி வரைந்திருந்த மரபணுக் கிளைப்படமும் அச்சு அசல் அப்படியே. பிறகு எல்லாம் சாப்பிடத் தொடங்கின. மாலைக்குள் நெடி போயிற்று; மல்லாந்த மீன் வெட்கத்தோடு நிமிர்ந்து நீந்தியது. துணை இயக்குநர் மெத்தையைத் தன் ஸ்டூலுக்கே போட்டுக்கொண்டார்.

அவை பிறகு சிறுக்கவேயில்லை. தொட்டி கழுவுகிறவர்கள், "கொஞ்சம் நகருங்கப்பா" என்பார்கள். குடும்பம் குடும்பமாக நகர்ந்துகொள்ளும்.