ஆகாயத்தில் ஒரு பேரம்

அப்பா கண்ணை மூடியதும் உருளைக்கிழங்கு மண்டியை அண்ணனும் தம்பியும் ஆளுக்குப் பாதியாக்கி, நடுவில் தகரத் தடுப்பு அடித்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் பெரியவர், அந்தப் பக்கம் சின்னவர். பேச வேண்டியதைத் தகரத்துக்குக் கேட்கிற மாதிரி கத்துவார்கள்.

மலைக்கு அப்பால் உள்ள நகரத்துச் சந்தையில் முனைக்கடை ஒன்று ஏலத்துக்கு வந்தது. இரண்டு வாசல், லாரி நேராக உள்ளே வரும். பாதி மண்டியில் மூச்சு முட்டிக் கிடந்த இருவருக்கும் அதன்மேல் கண். காலை ஒன்பதரைக்குக் கதவைச் சாத்திவிட்டுத்தான் ஏலம் தொடங்குவார்கள். வெளியே நிற்பவன் வெளியேதான்.

பெரியவர் விமான டிக்கெட் போடும் கடைக்குப் போனார்.

"ஆறு மணிக்கு ஒன்னு, எட்டு மணிக்கு ஒன்னு இருக்கு சார். போய்ச்சேர ஒன்னேகால் மணி நேரம்" என்றாள் அங்கிருந்த பெண்.

"முந்நூறு கிலோமீட்டர்தானேம்மா? ப்ளேன் மணிக்கு ஐந்நூறு போகும்ல? முக்கால் மணின்னு சொல்லு."

"நேர்கோட்டுல போகாது சார். மலையைச் சுத்தித்தான் போகும். ஏறி இறங்கவே நேரம் பிடிக்கும்."

"சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். அம்பது நிமிஷம்!"

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். பெரியவரைக் குறை சொல்வதற்கில்லை. மண்டியில் முதலில் சொல்லும் எண் எதுவுமே அசல் எண் அல்ல. இறங்கி வர இடம் விட்டுத்தான் சொல்வார்கள். விமானக் கம்பெனி மட்டும் என்ன தவம் செய்கிறதா?

அன்று மாலை தகரத்துக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, எட்டு மணி ப்ளேனை நம்பாதே. சொன்ன நேரம் முழுசா ஆகும். ஏர்போர்ட்டுல இருந்து சந்தைக்கு வேற அரை மணி. நான் ஆறு மணிக்குப் போறேன், நீயும் அதுலயே வா."

பெரியவருக்குச் சிரிப்பு வந்தது. "உன் அக்கறையை மூட்டை கட்டி வைடா! விடியுறதுக்குள்ள போய்ப் பல்லைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்தா, கடைக்கு அலையுறான்னு விலையை ஏத்துவாங்க. அதுதானே உன் திட்டம்? எனக்கேவா?"

ஏலத்தன்று எட்டு மணி விமானத்தில் ஏறினார். அம்பது நிமிஷம் ஆனதும் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு எழுந்தார்.

"உட்காருங்க சார்" என்றாள் பணிப்பெண். "இப்பதான் மலையைச் சுத்துறோம்."

"பைலட்டைக் கொஞ்சம் குறுக்கே விடச் சொல்லும்மா!"

"மலை குறுக்கே இருக்கு சார்."

சந்தைக்கு அவர் ஓடி வந்தபோது கதவு சாத்தியிருந்தது. தட்டினார், உதைத்தார், காவலாளி கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினான். கதவு திறந்தபோது முதல் ஆளாய் வந்தார் சின்னவர், விரலில் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு.

"ஏமாத்திட்டியேடா, பாவி!"

"நான் சொன்னதுல எது பொய்? சொல்லு பார்ப்போம்."

பெரியவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது.

"நான் எதைச் சொன்னாலும் நீ எதிர்மாறாத்தான் செய்வே. பொய் சொல்லியிருந்தா நீ ஆறு மணிக்கே வந்திருப்பேண்ணே. அதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உண்மையைச் சொன்னேன்."

சின்னவர் கடையைத் திறக்கப் போனார். பெரியவரின் பையில் போன் அடித்தது. வீட்டுக்காரி.

"என்னங்க, கடை நம்மளுதுதானே?"

"இன்னும் இறங்கலைடி. மலையைச் சுத்திக்கிட்டு இருக்கோம்."

"ப்ளேன்ல போன் வேலை செய்யாதுன்னீங்க? பின்னாடி எவனோ மூட்டைக்கு விலை கூவுறான்?"

பெரியவர் போனை அணைத்தார்.