காரை இப்போது ஓட்ட இயலாது

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. பத்திரிகை ஆசிரியர் போன் செய்து, "மின்சாரக் கார் சிறப்பிதழ் போடறோம். காத்து வழியாவே காருக்கு சாஃப்ட்வேர் அப்டேட் வருதாமே, அதைச் சாதாரண ஜனங்களுக்குப் புரியற மாதிரி எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார். கார் ஓட்டத் தெரியாத, சைக்கிளில் போனால்கூட வளைவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற எழுத்தாளர் ஒருவர், "அதுக்கென்ன, தாராளமா எழுதலாம்" என்று சொல்லிவிட்டார்.

அந்த எழுத்தாளர் நான்தான். ஆனால் இனிமேல் "எழுத்தாளர்" என்றே சொல்லப்போகிறேன். கதையில் அவர் வாங்கப்போகிற திட்டுகளை நேராக என் பேரில் வாங்கிக்கொள்ளும் தெம்பு எனக்கு இல்லை.

முதல் வாக்கியம் எழுதினார்:

"இரவின் மௌனத்தில், வானிலிருந்து இறங்கும் கண்ணுக்குத் தெரியாத மழையாக, உறங்கும் அந்தக் காரின் மேல்—"

(எந்த மழை? யார் உறங்கியது? அடித்துவிடு.)

இரண்டாவது:

"மனைவி இறந்தபிறகு அவர் அந்தக் காருக்கு அப்டேட்டே போடவில்லை. ஓட்டுநர் இருக்கை இன்னும் அவள் உயரத்துக்கே நகர்ந்து நின்றது. புதிய மென்பொருள் வந்தால் அந்த நினைவும் அழிந்துவிடுமே என்று—"

இது அபாரம் என்று எழுத்தாளருக்குத் தோன்றியது. கண்கூடக் கலங்கியது. அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"என்னை எதுக்குங்க சாகடிச்சீங்க?"

"அது நீ இல்லம்மா. கதாபாத்திரம்."

"நம்ம வீட்டுல கார் ஓட்டறது நான் ஒருத்திதானே? சீட்டும் என் உயரத்துக்குத்தானே இருக்கு? அப்புறம், அப்டேட் போட்டா சீட் அளவெல்லாம் அழியாது. சாகடிக்கறதுதான் சாகடிக்கறீங்க, தப்பில்லாமச் சாகடிங்க."

2

இப்படி உயிரோடு கதைக்குள் வந்துவிட்ட மனைவியை அறிமுகப்படுத்த வேண்டும். தெருவில் அவரை டிரைவிங் டீச்சர் என்பார்கள். அவருடைய பள்ளி என்பது ஒரே ஒரு மின்சாரக் கார். பக்கத்து இருக்கையின் காலடியில் டீச்சருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அந்தக் காருக்கு சார்ஜ் ஒயரைச் சொருகுவது மட்டும் எழுத்தாளரின் வேலை. அதற்காக அவருடைய போனிலும் கார் செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தார் டீச்சர். எவ்வளவு பெரிய தப்பு அது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே டீச்சர் விளக்கினார். எழுத்தாளர் பேனாவும் கையுமாக உட்கார்ந்தார்.

"காருக்குள்ள குட்டிக் குட்டியா ஏகப்பட்ட கம்ப்யூட்டர் இருக்கு. பிரேக்குக்கு ஒண்ணு, பேட்டரிக்கு ஒண்ணு, கதவுக்கு ஒண்ணு. முன்னாடியெல்லாம் அதுல ஏதாவது மாத்தணும்னா சர்வீசுக்குக் கொண்டுபோய் விடணும். இப்ப உங்க போனுக்கு வர்ற மாதிரியே காருக்கும் காத்து வழியா வந்துடுது."

"வர்றப்ப கார் நின்னுடுமா?"

"சாஃப்ட்வேர் இறங்கறப்ப நிக்காது. நாம ஓட்டிக்கிட்டு இருக்கறப்பவே சத்தமில்லாம இறங்கிடும். உள்ள ரெண்டு அறை இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஒண்ணுல இப்ப ஓடற சாஃப்ட்வேர். இன்னொண்ணுல புதுசு வந்து உட்காரும். அப்புறம் காரை நிறுத்திட்டு நாம 'சரி'ன்னு சொன்னாத்தான் புதுசுக்கு மாறும். மாறி முடியற வரைக்கும் காரை ஓட்ட முடியாது. நடுவுல ஏதாவது கோளாறுன்னா பழசுக்கே திரும்பிடும்."

"கோளாறு இல்லாம நல்லபடியா மாறிடுச்சுன்னா?"

"மாறினது மாறினதுதான். நமக்குப் புடிக்கலைன்னு பழசைக் கேட்டா கிடைக்காது."

தோற்றால் திரும்பலாம், ஜெயித்தால் திரும்ப முடியாது. இதைத் தனிப் பத்தியாகப் போட்டு அசத்திவிடலாம் என்று எழுத்தாளர் குறித்துக்கொண்டார்.

"எவனாவது போலியா அனுப்பிட்டா?"

"கம்பெனி முத்திரை இருக்கான்னு கார் பார்த்துத்தான் வாங்கும். யார் என்ன கேட்டாலும் 'தாராளமா'ன்னு தலையாட்ட அது என்ன நீங்களா?"

[இந்த இடத்தில் கட்டுரை முடிந்திருக்க வேண்டும். தகவல் எல்லாம் வந்துவிட்டது, சிரிப்பும் ஒன்று இருக்கிறது. நல்ல எழுத்தாளர் என்றால் இங்கேயே அனுப்பியிருப்பார்.]

"இப்பக்கூட ஒண்ணு வந்து நிக்குது" என்றார் டீச்சர். "தினமும் கேட்கும், நானும் தினமும் 'பிறகு' அழுத்திக்கிட்டு இருக்கேன்."

"ஏன்?"

"சலவைக்கடை அக்காவுக்காக."

3

சலவைக்கடை அக்காவை எப்படி எழுதுவது என்று எழுத்தாளர் வெகுநேரம் யோசித்தார். "உழைத்து உழைத்துக் காய்த்துப்போன கைகள்" என்று ஆரம்பித்தார். டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "அவங்க கை வழுவழுன்னு இருக்கும், கிளவுஸ் போட்டுத்தான் வேலை செய்வாங்க" என்றார். அடித்தாயிற்று.

விஷயம் இதுதான். அக்காவும் அவர் கணவரும் ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்து, பழைய டீசல் வேனில் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள். வேனை ஓட்டுவது கணவர். அவருக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. இனி சரியாகாது, ஓட்டாதீர்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மனிதர் கேட்டால்தானே? போன வாரம்கூட நிறுத்தி வைத்திருந்த ஒரு காரின் பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனார். கேட்டால், "அவன் ஏன் அங்க நிறுத்தினான்?" என்கிறார். கடைசியில் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார்: "நீ லைசென்ஸோட வா, அன்னைக்கே சாவியை உன் கையில கொடுத்துடறேன். அதுவரைக்கும் நான்தான்." அக்கா இரண்டு தடவை தேர்வில் தவறியதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம் என்று அக்காவுக்கே தெரியும்.

"நம்ம காருல ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தாலே வண்டி மெதுவாகி நின்னுடும்" என்றார் டீச்சர். "மோட்டாரே இழுத்துப் பிடிச்சு அந்த வேகத்தைக் கரண்டாக்கி பேட்டரிக்கு அனுப்பிடும். அக்கா அதுல பழகிட்டாங்க. கால் எடுத்தா நிக்கும், அவ்வளவுதான் அவங்க கணக்கு. இந்த அப்டேட்ல அந்த இழுவையைத்தான் குறைச்சிருக்காங்க, 'மென்மையான பயணம்'னு. நாளன்னிக்குக் காலையில டெஸ்ட். அது முடியட்டும், அப்புறம் போட்டுக்கறேன்."

எழுத்தாளர் இதை முழுசாகக் கேட்டார். புரிந்தும் கொண்டார். அதுதான் கொடுமை.

4

மறுநாள் மத்தியானம். டீச்சர் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தார். கார் வாசலில் நின்றது. எழுத்தாளர் கட்டுரையைப் படித்துப் பார்த்தார். எல்லாம் கேள்விப்பட்டதாகவே இருந்தது. அனுபவிக்காமல் எழுதுவது நேர்மையில்லை என்று அவருக்குள் இருந்த இலக்கியவாதி எழுந்து நின்று முழங்கினார். காலில் ஏதோ சின்ன வித்தியாசம் வருமாம், வந்தால் என்ன? அந்தக் காரின் பெடலில் காலே வைத்திராதவர் அப்படி நினைத்தார்.

போனை எடுத்துச் "சரி" என்பதை அழுத்தினார்.

திரையில் வந்தது: காரை இப்போது ஓட்ட இயலாது.

எழுத்தாளர் வாசலுக்கு ஓடி, காரின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கவனித்தார். "அந்த உலோக உடலுக்குள் ஒரு பழைய ஆன்மா விடைபெற—" என்று எழுதினார். உள்ளே எங்கோ ஒரு மின்விசிறி ஓடியது. 'டொக்' என்று ஒரு சத்தம். விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. முக்கால் மணி நேரத்தில் நடந்தது அவ்வளவுதான். மூன்று வரிக்குக்கூடத் தேறவில்லை. எழுத்தாளருக்கு உண்மையிலேயே ஏமாற்றமாக இருந்தது.

5

சாயங்கால வகுப்புக்குக் கிளம்பிய டீச்சர் தெருமுனை வரை போய், அப்படியே திரும்பி வந்தார். இறங்கிக் கதவைச் சாத்திய வேகத்தில் எழுத்தாளர் எழுந்து நின்றுவிட்டார்.

"காரை யாருங்க தொட்டது?"

"தொடலை. போன்லதான்..."

"ஏங்க?"

"கட்டுரைக்காக. ஒரு அனுபவம் வேணுமேன்னு..."

"அனுபவமா! உங்க அனுபவத்துக்கு என் வண்டிதான் கெடச்சுதா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அந்தம்மா நாளைக்குத் தோத்தா அந்த மனுஷன் கண்ணு தெரியாம ரோட்டுல ஓட்டிக்கிட்டே இருப்பார். யார் மேலயாவது ஏத்திட்டா? அதையும் அனுபவம்னு எழுதுவீங்களா?"

"பழசுக்குத் திரும்ப ஏதாவது வழி..."

"நல்லபடியா மாறிடுச்சே, எப்படித் திரும்பும்? ஜெயிச்சுட்டீங்க, போங்க."

(செட்டிங்கில் மாற்ற முடியாதா என்று கேட்கும் வாசகருக்கு: முன்பு மாற்றலாம். புதுசில் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். கம்பெனிக்குப் போன் செய்தபோது ஒரு குரல் மிகவும் இனிமையாக, "பழகிடும் மேடம்" என்றது. வேறு காரில் தேர்வுக்குப் போக முடியாது, பதிந்திருப்பது இந்தக் கார்தான். தள்ளிப்போட்டால் அடுத்த தேதிக்கு மாதக்கணக்கில் ஆகும். இந்த ஓட்டைகளையெல்லாம் நான்தான் அடைத்தேன் என்று நினைக்காதீர்கள். தப்பிக்கிற வழி தேடி எழுத்தாளர் ஒவ்வொன்றாகப் போய் முட்டிக்கொண்டவை இவை.)

"ஏறுங்க" என்றார் டீச்சர். "பின் சீட்டுல. செஞ்சதை உங்க உடம்பாலயே அனுபவிங்க."

6

வண்டி சலவைக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் பின் இருக்கையில் உட்கார்ந்தபடி எழுத்தாளர் மனசுக்குள் மூன்று முடிவுகள் போட்டார்.

முடிவு ஒன்று: ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பெனி தன் தவறை உணர்ந்து பழைய இழுவையைத் திருப்பி அனுப்புகிறது. (கம்பெனிகளோடு பழகியவர்கள் சிரித்து முடித்ததும் அடுத்ததற்குப் போகலாம்.)

முடிவு இரண்டு: எழுத்தாளர் தேர்வு அதிகாரியிடம் போய், "குற்றம் என்னுடையது" என்று தலைகுனிகிறார். அதிகாரி நெகிழ்கிறார். இந்த முடிவில் எழுத்தாளர் ரொம்ப நல்லவராக வருகிறார். அதனாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை.

முடிவு மூன்று: அக்கா தவறுகிறார். மறுநாளும் கணவரே வேனை எடுக்கிறார். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். ஒரு வளைவில்—

இதற்கு மேல் அவரால் போக முடியவில்லை. எழுதுவதில் இத்தனை வருஷமாக எத்தனையோ பேரை விபத்தில் கொன்றிருக்கிறார், ஒருநாளும் இப்படிப் பாதியில் நின்றதில்லை.

7

அக்கா ஏறி உட்கார்ந்தார். பின்னால் பார்த்து, "சாரும் கத்துக்கறாரா?" என்று சிரித்தார். வண்டி கிளம்பியது. முதல் சிக்னலில் அக்கா வழக்கம்போல் காலை எடுத்தார். வண்டி நிற்காமல் உருண்டுகொண்டே போனது. டீச்சர் தன் பக்கத்துப் பிரேக்கை ஓங்கி மிதித்தார். எழுத்தாளரின் நெற்றி முன் இருக்கையில் போய் இடித்தது.

"மேடம், என்னாச்சு வண்டிக்கு?"

"அக்கா, அது வந்து..." என்று டீச்சர் ஆரம்பித்தார்.

"நான்தான்" என்றார் எழுத்தாளர், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே. நடந்ததைச் சொன்னார். கட்டுரை, அனுபவம் என்ற சொற்கள் அந்தக் காருக்குள் படு கேவலமாக ஒலித்தன. அக்கா கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இனிமே பிரேக்கை மிதிச்சாத்தான் நிக்குமா மேடம்?"

"ஆமாக்கா. ஒரே நாள்ல பழகறது கஷ்டம்தான்."

"மிதிக்கறதுக்கு என்ன பழக்கம் வேணும்? அவர் வேன்ல பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு ரெண்டு வருஷமா தினமும் மிதிச்சுக்கிட்டுத்தான் வர்றேன். எதிர்ல ஆள் வந்தா மிதிப்பேன், திருப்பம் வந்தா மிதிப்பேன். காலுக்குக் கீழ ஒண்ணும் கிடையாது, வெறும் தகரம். வீட்டுக்கு வந்தா கெண்டைக்கால் விண்ணுனு வலிக்கும். இத்தனை நாளா இந்தக் காருல காலை எடுத்தாப் போதும்னு சொன்னீங்களா, அதான் என் காலுக்கு என்ன பண்றதுன்னே தெரியலை."

அடுத்த சிக்னல் வந்தது. அக்கா காலை எடுத்து, பிரேக்கில் வைத்து, அழுத்தினார். கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது.

"மிதிச்சா நிக்குது!" என்றார் அக்கா. டீச்சர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

[எழுத்தாளர் இங்கே கதையை முடித்துவிடத் துடித்தார். முடித்திருந்தால், தான் செய்த அசட்டுத்தனத்தால்தான் எல்லாம் நன்மையாக முடிந்தது என்று மீசையை முறுக்கிக்கொண்டு அலைந்திருப்பார். நல்லவேளையாக அதற்குப் பிறகு அக்கா ஒரு தடவை பிரேக்கை மறந்தார். இன்னொரு தடவை அளவுக்கு மீறி மிதித்ததில் எழுத்தாளரின் நெற்றி மறுபடியும் இடித்தது.]

வீடு திரும்பும்போது டீச்சர் சொன்னார்: "பாஸ் ஆவாங்களா மாட்டாங்களான்னு எனக்கே சொல்லத் தெரியலை. ரிசல்ட் வர்ற வரைக்கும் நீங்க எந்த முடிவையும் எழுதாதீங்க. அவங்க விஷயத்துல நீங்க கை வெச்சது போதும்." எழுத்தாளர் வாக்குக் கொடுத்தார்.

8

இன்று தேர்வு. டீச்சரும் அக்காவும் காலையிலேயே போய்விட்டார்கள். டீச்சரின் போன் அணைந்து கிடக்கிறது. பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு, "முடிவு எங்க சார்? பக்கம் காலியா இருக்கு" என்கிறார். என்னிடம் இல்லை என்றேன். கட்டுரைக்கு எதற்குங்க முடிவு என்றும் கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

எழுத்தாளர், இல்லை, நான்தான், வாசலில் நிற்கிறேன். தெருமுனையில் சலவைக்கடையின் வேன் திரும்புகிறது. ஓட்டலுக்கு விரிப்புகள் போகிற நேரம் இது. தேர்வும் இதற்குள் முடிந்திருக்கும். முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறார், இன்னொருவர் பக்கத்தில். கண்ணாடியில் வெயில் பட்டுக் கண் கூசுகிறது. யார் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருக்கிறவர் காலால் தகரத்தை மிதிக்கிறாரா என்பதும் இங்கிருந்து தெரியாது.

முடிவை நான் எழுத மாட்டேன். டீச்சருக்குக் கொடுத்த வாக்கு. வேன் உங்கள் பக்கமாகத்தான் வருகிறது. யார் ஓட்டுகிறார் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். பார்க்கும்போது மட்டும், தயவுசெய்து, கொஞ்சம் ஓரமாக நின்றுகொள்ளுங்கள்.