அறை பதினான்குக்கு நான்கு நிமிடம்

1

“ஏழு வருஷத்துக்கு நாலு நிமிஷமா? நாலே நாலு நிமிஷமா?”

“கத்தாத. அந்த ரூம்ல அதுக்கு மேல நிக்க விடமாட்டாங்க. கயிறு கட்டி வரிசையா அனுப்புறாங்க.”

“அப்ப அடுத்த ரூம்ல நிக்கலாம்.”

“அங்க வெறும் பீங்கான் தட்டுதான் இருக்கு. ஈ காக்கா கிடையாது.”

“அதுதான் எனக்கு வேணும்.”

இந்தக் கதை இப்படித்தான் என் சமையலறைக்குள் வந்தது. வாசகர் கேட்பதற்கு முன் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் புகைபோக்கி ஒன்றுதான். அடுப்பை அணைத்து, குழாயை மூடி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் அங்கே கரண்டி கீழே விழுவதுகூடக் கேட்கும். இதை ஒட்டுக்கேட்பது என்பார்கள். நான் குறிப்பெடுப்பது என்கிறேன். எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு வசதி உண்டு.

கத்தியது தையலக்கா. கட்டடம் முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. எங்கள் எல்லோருடைய இடுப்பளவும் அவருக்குத் தெரியும், அதை வெளியே சொன்னதில்லை என்பதால் மரியாதை அதிகம். கத்தாதே என்றவர் அவருடைய கணவர். பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு வருடம் ஓட்டுநர்களுக்கு டியூட்டி அட்டவணை போட்டு ஓய்வுபெற்றவர். அவருக்கு ‘அட்டவணை’ என்று பெயர் வைத்தது நான்தான். அவருக்கு அது தெரியாது. (இனி தெரிந்துவிடும்.)

அவர்கள் போகத் திட்டமிட்டது நகரத்தின் பெரிய ஓவிய அருங்காட்சியகத்துக்கு. நாற்பத்திரண்டு அறைகள்; ஞாயிற்றுக்கிழமையானால் எட்டாயிரம் பேர்.

2

ஓவியத்துக்காக இப்படிச் சண்டை போடுகிறார்களே என்று நெகிழ்ந்துபோய் முதலில் ஒரு கம்பீரமான தொடக்கம் எழுதினேன்:

மனிதர்கள் தாங்கள் தொலைத்ததையெல்லாம் கொண்டுவந்து மாட்டி வைத்திருக்கும் பெரிய வீடுதான் அருங்காட்சியகம். அங்கே காலம் சுவரோடு சுவராக

இந்த இடத்தில் தேநீர் ஆறிவிட்டது. வாக்கியமும் ஆறிவிட்டது. அப்படியே விட்டிருக்கிறேன், யாருக்காவது கட்டுரைப் போட்டி இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது தொடக்கம்: ‘அட்டவணை நிமிடங்களைச் சேர்த்துவைக்கும் கஞ்சர்.’ இதில் எனக்கு நம்பிக்கை இருந்தது. மனைவி ஆசைப்பட்டதற்கு நான்கு நிமிடம் ஒதுக்கும் கணவன். வாசகர்களுக்கு உடனே பிடித்துவிடும், அதாவது பிடிக்காமல் போய்விடும். இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். மறுநாள் புகைபோக்கி வழியாக மிச்சமும் வந்தது. இரண்டு பக்கமும் குப்பைக்குப் போயின.

அவர்கள் பார்க்கப் போவது ஓவியத்தை அல்ல. அந்த அறையில் நிற்கும் காவலாளியை. அவள் தையலக்காவின் தங்கை.

3

தங்கையைச் சின்னவள் என்கிறேன். தையலக்கா அப்படித்தான் சொல்வார். ஏழு வருடத்துக்கு முன் அவர்களுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் கிடந்தார். சின்னவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. சீருடையோடு வருவாள், கட்டிலோரம் ஒரு மணி நேரம் நிற்பாள், டியூட்டிக்கு ஓடுவாள். அம்மா போன அன்று, சொந்தக்காரர் அத்தனை பேர் எதிரிலும் அக்கா தங்கையைப் பார்த்துச் சொன்னார்:

“நின்னு வேடிக்கை பாக்கத்தான உனக்குச் சம்பளம் குடுக்குறாங்க. இங்கயும் அதையே பண்ணு.”

அவ்வளவுதான். சின்னவள் காலணியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனவள்தான். போன் செய்தால் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாள். வீட்டுக்குப் போனால் உள்ளே விளக்கு எரிகிறது, கதவு திறப்பதில்லை. ஏழு வருடமாகத் தையலக்காவுக்குச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் இருக்கிறது, சொல்ல இடமில்லை.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

“டியூட்டில இருக்கறப்ப அவ ரூம விட்டு நகர முடியாது. கத்த முடியாது. கதவ சாத்த முடியாது. நான் சொல்றத நின்னு கேட்டுத்தான் ஆகணும்.”

எனக்கு அந்தப் பக்கம் போய்க் கைகுலுக்க வேண்டும்போல இருந்தது. புகைபோக்கி இடம் தரவில்லை.

அட்டவணையைப் பற்றி எழுதிய இரண்டு பக்கமும் குப்பைக்குப் போயின என்றேன் அல்லவா? அதற்கு முந்தைய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் காலையில் சலூனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாத மனிதர். நான் கீழே கடை வைத்திருக்கும் கடிகாரக்காரரிடம், “இந்த வயசுல இவருக்கு ஏதோ தொடுப்பு இருக்கு” என்று சொல்லியும் வைத்தேன்.* உண்மையில் அவர் தனியாக டிக்கெட் எடுத்து, அருங்காட்சியகத்தின் படிக்கட்டு முனையில் தூண் மறைவில் நின்று, காவலாளிகள் எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு மாறுகிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தார். அரை மணிக்கு ஒருமுறை மாறுகிறார்கள், எண் வரிசைப்படி. மூன்று ஞாயிறும் சின்னவள் பதினொன்றரை முதல் பன்னிரண்டு வரை அறை பதினான்கில். பன்னிரண்டு முதல் பன்னிரண்டரை வரை அறை பதினைந்தில்.

பதினான்கில்தான் எல்லோரும் பார்க்க வரும் அந்தப் புகழ்பெற்ற ஓவியம். கயிறு, வரிசை, “நகருங்க, நகருங்க.” பதினைந்தில் பீங்கான் தட்டுகள்.

“கூட்டத்துல போய் சொல்லிடு. கூட்டத்துல யாரும் அழ மாட்டாங்க” என்பது அவர் கட்சி.

“கூட்டத்துல என்னையும் நகருங்கன்னு சொல்லி அனுப்பிருவா” என்பது இவர் கட்சி.

கடைசியில் சமரசம் ஆனது. பதினான்கில் நான்கு நிமிடம். அங்கே முடியாவிட்டால் தட்டுகள் அறையில் போய் நின்று அவள் வரக் காத்திருப்பது.

* கடிகாரக்காரரிடம் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முயன்றேன். “எதை?” என்றார். அவர் காதில் ஒன்றும் விழுந்திருக்கவில்லை. ஒரு வாரம் வீணாகக் கவலைப்பட்டிருக்கிறேன்.

4

திட்டத்தில் இன்னொரு வரி இருந்தது. அதை அன்று நான் கவனிக்கவில்லை, சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

“பை வேண்டாம்.”

“பை இல்லாம எப்படிப் போறது?”

“கையளவுக்கு மேல இருந்தா வாசல்லயே வாங்கி வச்சிருவாங்க. அந்த வரிசையில ஒன்பது நிமிஷம் போயிரும். திரும்ப வாங்க இன்னொரு ஏழு.”

“குடை, கண்ணாடி, மாத்திரை?”

“எல்லாம் என் சட்டைப் பையில.”

தையலக்காவைப் பை இல்லாமல் நான் பார்த்ததில்லை. மாடிக்குத் துணி காயப்போடப் போனாலும் தோளில் அந்தப் பழைய கான்வாஸ் பை தொங்கும். உள்ளே கத்தரி, அளவு நாடா, நூல்கண்டு, பாதி பிஸ்கட் பாக்கெட். அன்று ஞாயிற்றுக்கிழமை காலை அவர் படியிறங்கியபோது என் கதவிலுள்ள ஓட்டை வழியாகப் பார்த்தேன். இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு போனார்.

5

இந்த இடத்தில் ஒரு காட்சி எழுதினேன். அழகான காட்சி. வரிசை நகர்கிறது, அக்கா தங்கையின் எதிரில் வருகிறார், வாயைத் திறக்கிறார், தங்கை “நகருங்க” என்கிறாள், ஆனால் அந்தச் சொல்லின் பாதியிலேயே குரல் உடைந்து

இல்லை. அடித்துவிட்டேன். என் மகனுக்கு வாசித்துக் காட்டியபோது அவன் கண்ணே கலங்கியது. பொய் என்பதற்கு அதுவே சான்று. அவன் உண்மையான விஷயத்துக்கு ஒருநாளும் கலங்கியவன் இல்லை.

நடந்தது இது. மாலையில் அவர்கள் திரும்பிவந்தார்கள். நான் அடுப்பை அணைத்தேன்.

“அவ அங்க இல்ல.”

“கணக்குல தப்பே இல்ல. மூணு வாரம் பாத்தேன்.”

“தட்டு ரூம்ல முப்பது நிமிஷம் நின்னேன். யாரோ ஒரு பையன் மாதிரி காவலாளி வந்து, அம்மா ஒரே தட்டையே பாக்குறீங்களே, உக்காருறீங்களான்னு கேக்குறான்.”

“வேற யாராவது டியூட்டி மாத்தியிருப்பாங்க.”

“அவதான் மாத்தியிருக்கா. நான் வர்றது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சதும் ஓடிட்டா.” நாற்காலியை இழுக்கும் சத்தம். பிறகு, “விடுங்க. இனிமே இந்தப் பேச்சே வேண்டாம்.”

தையல் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. தைக்க ஏதும் இல்லாதபோதும் அது ஓடும் என்பது எனக்குத் தெரியும்.

6

சரி. ஒரு எழுத்தாளர் எவ்வளவு நேரம் சுவருக்குப் பின்னாலேயே நிற்க முடியும்?

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறீர்கள். நான் சொன்னேன்.

அந்த ஞாயிறுக்கு முந்தைய வியாழக்கிழமை, கதைக்குக் களம் பார்த்துவருகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனேன். அறை அறையாகத் தேடி அவளைக் கண்டுபிடித்தேன். அக்காவின் அதே நெற்றி. சுருக்கம் மட்டும் குறைவு. சும்மா பார்த்துவிட்டு வந்திருக்கலாம். பக்கத்தில் போய், “ஞாயித்துக்கிழமை உங்க அக்கா வராங்க” என்றேன். ஏன் சொன்னேன் என்று இந்தப் பத்தியை ஐந்து முறை மாற்றி எழுதிவிட்டேன். நல்லெண்ணம் என்று ஒரு வடிவம் சொல்கிறது. தெரிந்த செய்தியை என்னால் வைத்திருக்க முடியாது என்று இன்னொன்று. இரண்டாவதில்தான் கையெழுத்து தெளிவாக இருக்கிறது.

அவள் சுவரைப் பார்த்தபடியே, “வரட்டும். எட்டாயிரம் பேர் வர்றாங்க” என்றாள். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கோட்டத் தாண்டக் கூடாது.”

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி போனேன். அவள் அறைகளில் இல்லை. வாசலில், பை வாங்கி வைக்கும் கவுண்டருக்குப் பின்னால் நின்றிருந்தாள். பை இல்லாதவர்கள் தூணுக்கு அந்தப் பக்கம் வேறு வரிசையில் போகிறார்கள், அங்கிருந்து முகம் தெரியாது. என்னைப் பார்த்ததும், “பொய் சொன்னீங்க” என்றாள்.

“எதுக்கு?”

“ஞாயித்துக்கிழமை வருவாங்கன்னீங்க. டியூட்டிய மாத்தி வாங்கிட்டு இங்கயேதான் நின்னேன். காலையில திறந்ததுலேருந்து மூடுற வரைக்கும். சாப்பிடக்கூடப் போகல.”

“இங்க எதுக்கு?”

“ரூம்ல நின்னா நகருங்க நகருங்கன்னுதான் சொல்ல முடியும். இங்கன்னா பைய என் கையில குடுத்துத்தான் ஆகணும். திரும்ப வாங்க என்கிட்டயே வந்துதான் ஆகணும்.” ஒருவருடைய முதுகுப்பையை வாங்கி, எண் போட்ட வில்லையைக் கொடுத்து அனுப்பிவிட்டுத் தொடர்ந்தாள். “கதவத் திறந்தா சண்டதான் வரும். இங்க நடுவுல பலகை இருக்கு. எங்க அக்கா பை இல்லாம வெளிய வந்ததே கிடையாது. எனக்குத் தெரியாதா?”

நான் அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். முதல்முறையாக, எனக்குத் தெரிந்த ஒரு செய்தியைச் சொல்ல வாய் வரவில்லை. அவளிடம் சொன்னால் தெரிந்தே ஏமாற்றிய மாதிரி ஆகும். அக்காவிடம் சொன்னால் முதலில் புகைபோக்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

“நீங்க பை ஏதும் குடுக்கறீங்களா? பின்னாடி வரிசை நிக்குது.”

7

நேர்மையான கதையென்றால் நான் அன்று மாலையே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். (அந்தப் பக்கத்தை எழுதினேன். என்னை நானே கொஞ்சம் அதிகமாகப் புகழ்ந்திருந்ததால் கிழித்தேன்.)

நான் செய்தது, கிழிந்திராத ஒரு பாவாடையை எடுத்துக்கொண்டு, தன் சமையலறை மூலையில் தைத்துக்கொண்டிருந்த தையலக்காவிடம் போனது.

“இதுல என்ன தைக்கணும்?”

“இடுப்பு கொஞ்சம் பிடிக்குது. மியூசியம் எப்படி இருந்துச்சு?”

“தட்டு நிறைய வச்சிருக்காங்க.”

“அடுத்த தடவ போறப்ப ஒரு பை எடுத்துட்டுப் போங்க.”

அவர் நிமிர்ந்தார். “எதுக்கு?”

“பெரிய பையா.”

“பெரிய பைய உள்ள விட மாட்டாங்களே. வாசல்லயே வாங்கி வச்சிருவாங்க.”

“ஆமா,” என்றேன். “வாங்கி வச்சிருவாங்க.”

அளவு நாடா அவர் விரலில் சுற்றியபடியே நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலே, அடுப்புக்கு மேலிருந்த புகைபோக்கியைப் பார்த்தார். இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் என்னை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

“பாவாடையில ஒரு குறையும் இல்ல. எடுத்துட்டுப் போங்க,” என்றார்.

8

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாகக் கிளம்பினார். தோளில் கான்வாஸ் பை. அட்டவணை படிக்கட்டின் மேலே நின்று, “எத்தனை மணிக்கு வருவ?” என்று கேட்டதற்கு, “நேரம் போட்டு வைக்காதீங்க” என்றார்.

நான் பின்னால் போகவில்லை. நம்புவது உங்கள் விருப்பம். செருப்பு வரை மாட்டியிருந்தேன்.

மாலை ஏழு மணிக்குத் திரும்பினார். தோளில் பை இல்லை.

முடிவு ஒன்று: பேசவில்லை, சண்டை முற்றிப்போய் அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டார். முடிவு இரண்டு: பேசிய பேச்சில் பையே மறந்துவிட்டது. முடிவு மூன்று: திரும்பப் போக ஒரு காரணம் வேண்டுமென்று வேண்டுமென்றே வைத்துவிட்டு வந்தார். மூன்றையும் முழுதாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவர் கைகள் சும்மா தொங்கிக்கொண்டுதான் வருகின்றன. அன்று புகைபோக்கியில் நான் காதை வைத்தபோது மறுபக்கம் ஏதோ துணியைத் திணித்து அடைத்திருந்தது தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன், நல்ல தடிமனான துணி, ஓரம் மடித்துத் தைத்தது.

ஆகவே எனக்கு இதற்கு மேல் தெரியாது. உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மாசி கடந்ததும், வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர்களுடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ரயில் ஓட்டுகிறவர், மாமனாருக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. கோடையில் இருவரும் மகளோடு இருக்கப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுக்கு இப்போது ஒரு கணக்காசிரியர் வந்திருக்கிறார். தனியாள், போனில்கூடக் கிசுகிசுக்கிறார்.

அவர்கள் வீடு காலி செய்த அன்று எனக்குப் பல்வலி. பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன். திரும்பிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தையல் இயந்திரத்தைக் கீழே இறக்கும்போது தையலக்கா ஒரு முனையையும், இன்னொரு பெண் மறுமுனையையும் பிடித்திருந்ததாகக் கடிகாரக்காரர் சொன்னார். எந்தப் பெண், எந்த நெற்றி, சீருடையா, பேசிக்கொண்டார்களா என்று பதினொரு கேள்வி கேட்டேன். ஒரு சாணுக்கு அப்பால் எதையும் பார்த்துப் பழகாத மனிதர். கண்ணில் மாட்டிய லென்ஸைக்கூட எடுக்கவில்லை.

“பாரமான சாமான்மா,” என்றார். “ரெண்டு பேரு தூக்கினாங்க. வேறென்ன?”