பிடி தளர்ந்த ஒன்பது துளைகள்

சாம்பல் நிறக் கார் மூன்றாம் முறையாகக் கயிற்றில் கட்டி இழுத்துவரப்பட்டபோது பணிமனையில் எல்லோரும் கைவேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தனர். சின்ன மாப்பிள்ளை மட்டும் கையிலிருந்த துணியை நான்காக மடித்து மேசைமேல் வைத்தான், எடுத்தான், மறுபடி மடித்தான்.

இதே கார் இரண்டாம் முறை வந்த நாளில் மாமனார் தெளிவாகச் சொல்லியிருந்தார். பணிமனை அவருடையது, மருமக்கள் இருவரும் அவரிடமே வேலை செய்தனர்.

"இன்னொரு தடவை இந்த வண்டியை இழுத்துட்டு வந்தாங்கன்னா, ஒயரிங் பெஞ்சை விட்டு எறங்கிடுங்க மாப்பிள்ளை. வண்டி கழுவுற எடம் ஆளில்லாமதான் கெடக்கு."

மரியாதையில் குறையொன்றும் இல்லை. 'நீ' என்று விளித்துத் தாழ்த்துவது அவர் வழக்கமன்று; 'நீங்க' என்று சொல்லியே தாழ்த்தப் பழகியவர்.

வீட்டோடு மாப்பிள்ளையாய் வந்த இரண்டு ஆண்டுகளில் சின்னவனுக்கென்று அமைந்தது அந்த ஒயரிங் மேசை ஒன்றே. மாடியில் அவன் படுக்கும் அறை மாமனாருடையது. காலில் இட்ட செருப்பும் அவர் வாங்கித் தந்தது. மேசையருகே மட்டும் வாடிக்கையாளர் வந்து, "சின்னவர் இருக்காரா?" என்று கேட்பர். அந்தக் கேள்வி, எதிர்ப்புறத்தில் இயந்திரம் பிரித்துக்கொண்டிருக்கும் பெரிய மாப்பிள்ளையின் செவியிலும் விழும். சின்னவன் வரும்வரை அந்த மேசை பெரியவனிடம் இருந்தது. கார் நிறுவனத்தின் பயிற்சிக்குச் சென்று வந்தவனும் அவன் ஒருவனே.

காரின் முதற் பழுது உண்மையில் எளியது. ஓட்டத்தில் இயந்திரம் திடீரென நின்றுவிடும். பேட்டரிக்குக் கீழே எர்த் ஒயரைப் பிடித்திருந்த போல்ட்டில் துரு ஏறியிருந்தது. சின்னவன் அன்றே அதைக் கண்டு, தேய்த்து, இறுக்கினான். அத்துடன் பானட்டை மூடியிருந்தால் கார் நலமாய் ஓடியிருக்கும். ஆனால் அவன் ஐயம் அடங்காதவன். இயந்திரத்தை ஆளும் கம்ப்யூட்டர்ப் பெட்டியிலிருந்து ஒயர்கள் வந்து சேரும் கனெக்டரைக் கழற்றி, மின்னோட்டம் அளக்கும் மல்டிமீட்டரின் கம்பிமுனையை, அதன் துளைகளுள் இயந்திரத்துக்கு மின்சாரம் தருவனவற்றில் ஒவ்வொன்றாய் நுழைத்துச் சோதித்தான்.

அத்தகைய துளை ஒவ்வொன்றின் உள்ளேயும் மெல்லிய பித்தளை நாக்கு ஒன்று உண்டு. பெட்டியின் ஊசி நுழையும்போது அதைத் தழுவிப் பிடிப்பது அந்த நாக்கே. ஊசியினும் தடித்த எது புகுந்தாலும் நாக்கு விரியும், விரிந்தது மீளாது. இது பெரியவனுக்குத் தெரியும், சின்னவனுக்குத் தெரியாது. எதிர்மேசையிலிருந்து அதைக் கண்ட பெரியவன் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"நல்லா அழுத்திக் குத்திப் பாருங்க சகலை. ஒண்ணையும் விட்டுடாதீங்க."

"விடுவேனா அண்ணே!" என்றான் சின்னவன், அந்த அக்கறையில் நெஞ்சு குளிர்ந்து.

இருபதாம் நாள் கார் திரும்பிற்று. இம்முறை மேடுபள்ளம் கண்டபோதெல்லாம் நின்றது. சின்னவன் மறுபடியும் துளை துளையாகக் குத்தினான். மீட்டர் குறையொன்றும் காட்டவில்லை. தடித்த முனை விரிந்த துளையிலும் இடித்துக்கொண்டு நிற்கும். மெல்லிய ஊசிக்குத்தான் அங்கே பிடியில்லை. நோய் தந்த கையே நாடி பார்த்து, நலம் என்றது. பெரியவன் தேநீர்க் குவளையோடு அருகில் வந்து விளக்குப் பிடித்தான்.

"அந்த ஓரத்துல ஒண்ணை விட்டுட்டீங்களே சகலை."

அதையும் குத்தினான்.

இப்போது மூன்றாம் முறை. காருக்கு உரியவரான தலைமையாசிரியை கைப்பையை மார்போடு அணைத்தபடி இறங்கினார்.

"ரயில்வே கேட்டுக்கிட்ட நின்னுடுச்சுங்க. நாலு பேர் தள்ளுனாங்க. அதுல ரெண்டு பேர் எங்கிட்டப் படிச்சுப் பெயிலானவனுங்க. அவனுங்க மூஞ்சியில அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை."

மாமனார் சின்னவனைப் பார்க்கவில்லை. "பெரிய மாப்பிள்ளை, நீங்க வாங்க."

பெரியவன் தன் இழுப்பறையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்தான். பெட்டியின் ஊசிக்கு ஒத்த ஊசி ஒன்று, விரலளவு ஒயரில் பற்றவைக்கப்பட்டு அதனுள் இருந்தது. கனெக்டரைக் கழற்றித் தலைகீழாய்ப் பிடித்து, அதன் கீழே ஓர் எவர்சில்வர்த் தட்டையும் வைத்தான். தட்டு எதற்கென்று அப்போது எவருக்கும் விளங்கவில்லை. வரவேற்பு மேசையிலிருந்து சின்னவனின் மனைவியும் எழுந்து வந்தாள்.

குத்துப்படாத துளையொன்றில் ஊசியைச் செருகிக் கையை எடுத்தான். ஊசி தொங்கியது. அடுத்த துளையில் செருகினான். ஊசி நழுவித் தட்டில் விழுந்து, 'டிங்' என்றது. தட்டு அதற்குத்தான். ஒன்பது துளைகளில் ஒன்பது முறை அவ்வொலி எழுந்தது. அவசரம் சிறிதும் இல்லை அவனிடம்.

"யாரோ தடிக் கம்பியை விட்டு நெம்பியிருக்காங்க மாமா."

"யாரு?"

"நான்தான் மாமா," என்றான் சின்னவன். "சோதிச்சுப் பார்த்தேன்."

அவன் மனைவி பெரியவனை நோக்கினாள். "அத்தான், இப்படிக் குத்துனா கெட்டுப்போகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமே."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"உன் வீட்டுக்காரர் என்னைக் கேக்கவே இல்லையேம்மா."

சின்னவன் தலை நிமிர்ந்தான். உண்மை வெளிப்பட்டுவிட்டது, இனி நியாயம் கிட்டும் என்று ஒரு கணம் நம்பினான். "நீங்கதானே அண்ணே விளக்குப் புடிச்சீங்க!"

"விளக்கைத்தான் புடிச்சேன். உங்க கையைப் புடிச்சேனா?"

மாமனாரின் மீசை துடித்தது. சினம் என்று எண்ணினான் சின்னவன். சிரிப்பு.

"காரியக்காரர்தான் நீங்க!" என்று பெரியவனின் தோளைத் தட்டினார். "பெஞ்சு இனி உங்களுது."

"நான் தப்புப் பண்ணுனவனை பெஞ்சு மேல ஏத்துவேன்," என்றார் தலைமையாசிரியை. "நீங்க எறக்குறீங்க."

ஒன்பது ஒயர்களின் பித்தளை முனைகளையும் வெட்டிப் புதியன பொருத்தினான் பெரியவன். விளக்குப் பிடிக்கும் வேலை இம்முறை சின்னவனுக்கு. வெட்டிய முனை ஒவ்வொன்றையும் தரையில் எறியாமல், அவன் இடக்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டான் பெரியவன், குழந்தைக்கு மிட்டாய் தருவதைப்போல. கார் உறுமி எழுந்தது. அதை நிறுத்தி, கனெக்டரை மறுபடி கழற்றி, மல்டிமீட்டரை நீட்டினான்.

"உங்களுக்கும் திருப்தியா இருக்கணும்ல சகலை? ஒரு தடவை குத்திப் பார்த்துடுங்க."

சின்னவன் விளக்கை வைத்துவிட்டுக் கை நீட்டினான். அறிவு தடுக்குமுன் பழக்கம் முந்திக்கொண்டது. கம்பிமுனை புதிய துளையை நெருங்கிய பின்னரே நின்றது. நின்ற அக்கணத்தில் ஒரு சிரிப்பு வெடித்தது. முதலில் சிரித்தவள் அவன் மனைவி. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. பிறகு எல்லோரும் சிரித்தனர்.

"கயிறு கட்டி இழுத்ததுல முன்பக்கமெல்லாம் சேறு," என்றார் மாமனார், கண்ணைத் துடைத்தபடி. "கழுவிக் குடுத்துடுங்க மாப்பிள்ளை. டீச்சர் நிக்கிறாங்க."

கையிலிருந்த பித்தளைத் துண்டுகளை எங்கே வைப்பதென்று சின்னவன் சுற்றுமுற்றும் பார்த்தான். மேசை எட்டும் தொலைவில்தான் இருந்தது. அதன்மேல் பெரியவன் தன் தேநீர்க் குவளையை வைத்திருந்தான். துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சின்னவன் குழாயைத் திறக்கப் போனான்.