பெரியவர் வந்ததும்

"அண்ணி, நல்ல புடவையா ஒண்ணு கட்டிக்கிட்டு முன்னால வாங்க. சீக்கிரம்!"

அடுப்படி வாசலில் நின்று கொழுந்தன் சொன்னபோது அவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. சரக்கெடுக்கப் போன கணவன் திரும்பாமல் போனதிலிருந்து, விருந்தாளி வந்தால் அவள் இடம் பின்கட்டுதான். "நல்ல காரியம், கொஞ்சம் உள்ளயே இருங்க அண்ணி" என்று அனுப்புவதும் இதே கொழுந்தன்தான். சரி, நாம் விதவைதான் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கடிகாரக்கடைக்காரர் தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டதைப் போன மாதம் கொழுந்தனிடம் சொன்னாள். "அண்ணன் உசுரோட இருக்காரு! என்ன பேச்சு இது?" என்று குதித்தார். இரும்புக்கடைக்காரர் அல்லவா? வாங்க ஒரு தராசு, விற்க ஒரு தராசு.

எது நிஜமென்று அவளுக்கும் தெரியாது. வாசல் கேட் கிறீச்சிட்டால் நெஞ்சு இன்னும் எகிறும். அவராக இருக்க வேண்டுமே என்றா, இருந்துவிடக் கூடாதே என்றா? அதுதான் பிடிபடவில்லை.

"இன்னிக்கு மட்டும் நான் எதுக்கு?"

கொழுந்தனின் பின்னாலேயே வந்த ஓரகத்தி குரலைத் தாழ்த்தினாள். "நம்ம பொண்ணைப் பாக்க வந்திருக்காங்கல்ல, மாப்பிள்ளையோட அத்தை துருவித் துருவிக் கேக்குறாங்க அக்கா. உங்க வீட்டுக்காரரைக் காணோம்னு தெரிஞ்சா எந்திரிச்சுப் போயிடுவாங்க. வெளிநாட்டுல வேலைன்னு இவரு அடிச்சு விட்டுட்டாரு. நீங்க ஆமான்னா போதும்."

ஆமாம் என்றால் கடிகாரக்கடைக்காரரை மறந்துவிட வேண்டியதுதான். இல்லை என்றால்? திரைக்குப் பின்னால் ஓரகத்தி மகள், இவள் தலைவாரி வளர்த்த பெண், "பெரியம்மா..." என்று கையைப் பிடித்தாள். அந்த மாப்பிள்ளைப் பையன்மேல் உயிரையே வைத்திருந்தாள்.

துடைத்துத் துடைத்துப் பழகிய சோபா. உட்கார்ந்தால் இவ்வளவு அமுங்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"உங்க வீட்டுக்காரர் எப்ப வருவாரு?" என்றாள் அத்தை.

விலை படியும் நேரத்துச் சிரிப்போடு கொழுந்தன் அவளையே பார்த்தார்.

"வருவாரு," என்றாள்.

கொழுந்தன் அதோடு விட்டிருக்கலாம். விற்ற பிறகும் சரக்கைப் புகழும் வாய். "அண்ணன் முன்னால நின்னு நடத்தாம இந்த வீட்டுல ஒரு துரும்பு அசையாதுங்க!"

மாப்பிள்ளையின் அப்பா நெகிழ்ந்து போனார். "இந்த மாதிரி குடும்பத்தைத்தாங்க தேடி அலைஞ்சோம். அப்ப அவசரமே வேணாம். பெரியவர் வரட்டும். வந்ததும் கல்யாணம். அதுவரைக்கும் வேற இடம் பாத்துடாதீங்க!"

கொழுந்தன் சிரித்த வாயை மூட மறந்தார்.

அவர்கள் போனபின் பின்கட்டுக்கே தேடி வந்தார். "அண்ணி, கொஞ்ச நாள் கழிச்சு, அண்ணன் அங்கயே தவறிட்டார்னு சொல்லிடுவோமா?"

"தாராளமா. அப்படியே கடிகாரக்கடையிலயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அது வேற, இது வேற அண்ணி," என்றார், கடை முகத்தோடு.

அழுத கண்ணோடு பெண் வந்து பக்கத்தில் நின்றாள். இவள் கொஞ்சம் நகர்ந்து, பின்கட்டில் அவளுக்கும் இடம் விட்டாள்.