நடுவில் காணாமல் போன முகம்

"சைட்ல உன் போட்டோ எங்கடி? உன் வீட்டுக்காரர் தூக்கிட்டாரா?" என்று அக்கா போனில் கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது.

கணவர் புகைப்படக்காரர். அவருடைய புது இணையதளத்தில் விரலால் ஒருமுறை தள்ளினால் ஒரு படம் நகர்ந்து, அடுத்தது திரையை நிறைக்கும். முதலில் ஒரு மீனவக் கிழவர், இரண்டாவதாக அவள், மூன்றாவதாக ஒரு நடனக்காரி. அப்படித்தான் கணவர் சொல்லியிருந்தார். அவள் லேப்டாப்பைத் திறந்து, தொடுபலகையில் இரண்டு விரல் வைத்துத் தள்ளினாள். மீனவர் போனார், நடனக்காரி வந்து நின்றாள். மேலே தள்ளினால் மறுபடி மீனவர்.

"என் படத்தைத் தூக்கிட்டீங்களா?"

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "இல்லையே. காலைல ஸ்டுடியோ கம்ப்யூட்டர்ல பார்த்தேன், எல்லாம் சரியாத்தான் இருக்கு."

அவர் நிமிராததுதான் அவளை அரித்தது. தளத்தை உருவாக்கிய பெண்ணைப் பற்றி, "அவளுக்கு நல்ல ரசனை" என்று வேறு அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ரசனையில்தான் தன் முகம் அடிபட்டுப் போயிற்றோ?

மறுநாள் தான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, அந்த வடிவமைப்பாளரின் அலுவலகத்துக்கே போனாள். தளத்தைக் காட்டச் சொன்னாள். வடிவமைப்பாளர் மவுஸின் சக்கரத்தை உருட்டினாள். மீனவர், அடுத்து பெரிதாக இவள் முகம், அப்புறம் நடனக்காரி.

நிம்மதி வரவில்லை. நான் வருவது தெரிந்து சேர்த்துவிட்டாளோ?

"என் வீட்டுக்காரர் இப்ப போன் பண்ணாரா?"

"சார் போன் பண்ணலையே மேடம்."

"அப்ப இதுல காட்டுங்க." தன் லேப்டாப்பை மேசையில் வைத்தாள்.

வடிவமைப்பாளர் தள்ளினாள். மீனவர், நடனக்காரி. மறுபடி தள்ளிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகம் மாறியது.

"ஐயோ, என் தப்புதான் மேடம். மவுஸ்ல ஒரு உருட்டுன்னா ஒண்ணோட நின்னுடும். இதுல விரலை எடுத்தப்புறமும் அந்த வேகம் கொஞ்ச நேரம் வந்துகிட்டே இருக்கும். படம் மாறி முடியிற வரைக்கும்தான் நான் அதைத் தடுத்து வச்சேன். தடுப்பு விலகினதும் மிச்ச வேகம் இன்னொரு படத்தையும் தள்ளிடுது."

"அதெப்படி, சரியா என் படம் மட்டும்?"

வடிவமைப்பாளர் இன்னும் கீழே தள்ளிக்கொண்டே போனாள். "உங்களது மட்டும் இல்ல. நாலாவது, ஆறாவது, எல்லாமே தாவுது பாருங்க."

நாலாவது மாமியாரின் படம். நடனக்காரியைத் தாண்டிப் பார்க்கவே தனக்குத் தோன்றவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காதெல்லாம் சூடாயிற்று.

வேகம் முழுதாக அடங்கிய பிறகே அடுத்த தள்ளலைக் கணக்கில் எடுக்கும்படி வடிவமைப்பாளர் மாற்றி எழுதினாள். இவள் மெதுவாகத் தள்ளினாள், வேண்டுமென்றே முரட்டுத்தனமாகவும் தள்ளினாள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு படம்தான் நகர்ந்தது.

சாயங்காலம் கணவரிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை.

"யாரைச் சந்தேகப்பட்ட? அந்தப் பொண்ணையா, என்னையா?"

"ரெண்டு பேரையும்தான்."

சாப்பிட்டபின் அவள் தட்டுகளைக் கழுவும்போது அவர் பக்கத்தில் வந்து துடைக்கும் துணியை எடுத்தார்.

"இப்பவும் சந்தேகமா?"

"இல்ல," என்றாள். ஏறக்குறைய அது உண்மைதான்.