இருநூற்று எட்டு எலும்புகள்

பொன்னி மூன்றாவது முறையாக இருபதுக்கு இருபது எடுத்தபோது நான் கைதட்டவில்லை.

அஸ்தினாபுரத்தில் எங்கள் பள்ளி. எட்டாம் வகுப்பு பி பிரிவுக்கு நான்தான் அறிவியல் எடுக்கிறேன். மூன்றாவது பீரியடின் கடைசிப் பத்து நிமிடம் வினாடி வினா. கேள்விகளை என் போனில் தயாரித்து, போன் திரையை ஸ்மார்ட் போர்டில் காட்டுவேன். பிள்ளைகள் பள்ளி தந்த டேப்லெட்டில் விடையைத் தொடுவார்கள். யார் எத்தனை நொடியில் தொட்டார்கள் என்பதும் போர்டில் வரும். பொன்னிக்கு இரண்டு நொடி போதுமாக இருந்தது. கேள்வியைப் படிக்க எனக்கே நான்கு நொடி ஆகும்.

மற்றவர்களும் பதினெட்டு, பத்தொன்பது என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை ட்யூஷன் என்று எடுத்துக்கொண்டேன். பொன்னிக்கு ட்யூஷன் கிடையாது. ஜூன் மாதம் கோவளத்திலிருந்து வந்து சேர்ந்தவள், இங்கே அத்தை வீட்டில் தங்கியிருக்கிறாள். ஓர் அறக்கட்டளை அவளுக்குக் கட்டணம் செலுத்துகிறது. ஒழுங்குப் புகார் ஒன்று போனால் அந்த இடம் ரத்தாகிவிடும்.

அன்று மதியம் ஸ்டாஃப் ரூமில் என் போனை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தேன். திரையில் விரல் தடங்கள். என்னுடையவைதான், ஆனால் எல்லாமே என்னுடையவையா? மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு சதுரக் குறி இருந்தது. அதை நான் வைக்கவில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம் ஒன்று ஜன்னல் கண்ணாடியை நடுங்க வைத்துக்கொண்டு போனது. போனுக்குள் யாரோ அமர்ந்து என்னைப் படித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

எதிர் மேஜையில் கம்ப்யூட்டர் ஆசிரியர் சத்யநாராயணன் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன ஜெயப்ரியா மேடம், போனை எக்ஸ்ரே எடுக்கறீங்களா?"

"ஒண்ணுமில்ல சார்."

வினாடி வினாச் செயலியை என் போனில் போட்டுத் தந்தவரே அவர்தான். பாஸ்வேர்டு பிறந்த தேதியா மேடம் என்று அப்போது சிரித்தபடி கேட்டார். இப்போது அந்தச் சிரிப்பு வேறு மாதிரி நினைவுக்கு வந்தது. பொன்னிக்கு டைப்பிங் போட்டி பயிற்சி கொடுப்பவரும் அவர்தான். குறியைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. போனை அவருக்குத் தெரியாதபடி திருப்பி வைத்துக்கொண்டு திறக்கும் பேட்டர்னை மாற்றினேன்.

புதன்கிழமை மதியம், அதே மேஜையிலிருந்து, தலைமை ஆசிரியை புஷ்பலதா மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். 'பொன்னி என் போனிலிருந்து கேள்விகளைத் திருடுகிறாள் என்று சந்தேகிக்கிறேன். அவள் வந்த சூழல் அப்படி. நாம் கவனமாக இருக்க வேண்டும்.' அனுப்பியதும் மனம் கொஞ்சம் லேசானது. வெள்ளிக்கிழமை அவளுடைய அம்மாவை வரச் சொல்வதாகவும், அதற்குள் ஆதாரம் வேண்டும் என்றும் பதில் வந்தது.

வியாழன் மதியம் பொறி வைத்தேன். இருபது கேள்விகளில் ஒன்று: வளர்ந்த மனிதனின் உடலில் எத்தனை எலும்புகள்? சரியான விடை 206. தேர்வுகளில் இரண்டையும் கொடுத்து, சரியானது என்று 208ஐக் குறித்தேன். 208ஐத் தொடுகிறவள் திருடி.

வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியட். எலும்புக் கேள்வி வந்தது. போர்டில் வண்ணப் பட்டைகள் எழும்பின. 208க்கு முப்பத்தேழு பேர். 206க்கு ஒரே ஒருவர்.

பொன்னி.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான் அவள் மேஜைக்குப் போனேன்.

"நீ ஏன் 206 போட்டே?"

"இருநூத்தி ஆறுதான மிஸ். நீங்க தப்பா போட்டுட்டீங்க."

"நான் என்ன போட்டேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கரும்பலகையைப் பார்ப்பதுபோல் போர்டைப் பார்த்தாள். "அதுலதான வருது. டெய்லி லஞ்ச்ல."

பின் வரிசையில் நிகில் எழுந்தான். அடக்கமாட்டாமல் வாயைத் திறப்பது அவன் வழக்கம். "மிஸ், நீங்க கேம மட்டும்தான் குளோஸ் பண்றீங்க. ஷேரிங்க நிறுத்தறதே இல்ல. போன் லாக் ஆனா போர்டு கருப்பாயிடும். லஞ்ச்ல ஓபன் பண்ணுவீங்கல்ல, எல்லாம் வரும். புது பேட்டர்ன் பழசவிட ஈஸி மிஸ்."

சிரிப்பு வெடித்தது. ஸ்டாஃப் ரூமுக்கும் இந்த வகுப்புக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அந்தச் சதுரக் குறியின் அர்த்தத்தை சத்யநாராயணன் சார் ஒரு பார்வையில் சொல்லியிருப்பார்.

"யாரும் ஏன் சொல்லல?"

"நீங்கதான் படிக்கறதுக்குப் போடறீங்கன்னு நெனச்சோம் மிஸ்," என்றாள் முதல் வரிசை சின்மயி. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "புதன்கிழமதான் தெரிஞ்சுது, நீங்க தெரியாம போடறீங்கன்னு."

புதன்கிழமை. நான் எழுத்து எழுத்தாகத் தட்டியது, அழித்து மறுபடி தட்டியது, 'அவள் வந்த சூழல்' என்பது, எல்லாம் ஆறடி அகலத்தில், முப்பத்தெட்டு டிபன் பாக்ஸ்களுக்கு முன்னால்.

"நீயாவது வந்து சொல்லியிருக்கலாமே பொன்னி."

"சொன்னா நாந்தான் பாத்தேன்னு ஆகியிருக்கும்ல மிஸ்."

மணி அடித்தது. ஷேரிங்கை நிறுத்தினேன். சதுரக் குறி மறைந்தது. பொன்னியையும் அழைத்துக்கொண்டு தலைமை ஆசிரியை அறைக்குப் போனேன்.

அவளுடைய அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். புஷ்பலதா மேடத்தின் மேஜையில் அறக்கட்டளைக்கான கடிதம் டைப் செய்து கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. நான் உட்காராமலே நடந்ததைச் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ இது வெளிய வந்தா உங்க பேர்தான் போகும், தெரியுமில்ல?"

"தெரியும் மேடம். கேள்வியக் காட்டினது நான்தான். இவ மேல தப்பில்ல."

"சரி, விடுங்க." மேடம் கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "அம்மா, நீங்க போகலாம். பிரச்சினை முடிஞ்சுது."

அம்மா எழுந்திருக்கவில்லை. "இன்னா முடிஞ்சுது? காலீல மீனு ஏலத்த வுட்டுட்டு வந்துகீறேன். எம் பொண்ண திருடின்னு சொன்னது யாரு?"

"நான்தான் அக்கா," என்றேன். "மன்னிச்சுக்கோங்க. அறக்கட்டளைக்கும் மெசேஜ் போட்டுடறேன்."

"போன்ல வாணாம்." கையை நீட்டித் தடுத்தாள். "உங்க போன நம்பிதான் இவ்ளோ பேஜாரு. காயிதத்துல எழுதிக் குடு மிஸ். நாளைக்கி எவனாவது இவள கேட்டான்னா காட்டணும்ல."

மேடம் வேறெங்கோ பார்த்தார். நான் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதினேன். அம்மா அதை வாங்கி, தலைகீழாகக்கூட ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, மகளிடம் நீட்டினாள். "படி. இன்னா போட்டுகீதுன்னு உரக்கப் படி."

பொன்னி படித்தாள். "'மாணவி பொன்னியின் மீது தவறான சந்தேகம் ஏற்பட்டது...'"

"யாருக்கு?" என்றாள் அம்மா. "அதுல அது கீதா, இல்லியா?"

இல்லை. நான் தாளைத் திரும்ப வாங்கினேன். அதை மடித்துவிட்டுப் புதிதாக ஒரு தாள் எடுத்து, 'ஜெயப்ரியா ஆகிய நான்' என்று தொடங்கினேன். அம்மா என் தோளுக்கு மேலே நின்று, படிக்கத் தெரியாத அந்த வரிகளை, கடைசிப் புள்ளி வரைக்கும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.